மார்க்கையன்கோட்டைக் கையெழுத்து

அத்தியாயம் 5

கையெழுத்து அழகாக இருந்தது. சிக்கலே அதுதான்.

தேனி அலுவலகத்தில் எழுத்தர் கோப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். ஐந்து நிமிடம், படம் எடுத்துக்கொள்ளலாம், தாளைக் கழற்றக் கூடாது என்றார். நீல மையில் 'ஜோதிலட்சுமி'. கோடு சற்று மேல்நோக்கி ஏறியிருந்தது. பேனாவை அழுத்தியிருந்ததில் தாளின் பின்பக்கம் எழுத்து புடைத்திருந்தது. கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு சொட்டு ஈரம் பட்டுக் காய்ந்த வட்டம்.

ஜோதிலட்சுமிக்கு முப்பத்து மூன்று வயது. இரண்டு வருடங்களுக்கு முன் ஏலத்தோட்டத்துக்குப் போன ஜீப் கவிழ்ந்தது. அன்றிலிருந்து கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது.

அரசு ஒரு படி தருகிறது. தானாகச் சாப்பிட, குளிக்க, உடுத்த, கழிவறைக்குப் போக முடியாதவரை உடனிருந்து கவனிக்கும் ஒருவருக்கு மாதாமாதம் தரும் உதவியாளர் படி. அதற்குத்தான் அவர் கணவர் அழகர் மனுப் போட்டார். ஐந்து வாரங்களுக்கு முன் ஓர் அலுவலர் வீட்டுக்கு வந்து பார்த்தார். அவருடைய அறிக்கையில் கடைசி வரி இது: 'விண்ணப்பதாரர் சுயமாகக் கையெழுத்திட்டார். கை இயக்கம் உள்ளது.' மனு தள்ளுபடி ஆனது.

மேல்முறையீடு நாளை பதினொரு மணிக்கு. அதிலும் தோற்றால் அழகர் வாழைத்தார் ஏற்றும் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஜோதிலட்சுமி மதுரைப் பக்கம் ஒரு காப்பகத்துக்குப் போக வேண்டும். அங்கே கட்டில் ஒன்று சொல்லி வைத்தாகிவிட்டது.

கையெழுத்தைப் போட்டது யார்? அழகர் எங்களிடம் கேட்டது அந்த ஒரு கேள்வியைத்தான். மனைவியிடம் கேட்டால் வாய் திறப்பதில்லையாம்.

"என் ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு தம்பி," என்றார் சுருளி அண்ணன், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபடி. "ஆனா என் கையெழுத்தப் பாத்தா கவர்மெண்டு மறுபேச்சு இல்லாம படி குடுத்துரும்."

சுருளி அண்ணன் முப்பது வருடம் கண்டக்டர். ஓய்வுக்குப் பிறகு என் துப்பறியும் கடைக்கு வந்தார். பஸ்ஸில் யார் டிக்கெட் எடுக்கவில்லை என்பதை முகத்தை வைத்தே சொல்வேன், அதைவிடவா துப்பறிய வேண்டும் என்று கேட்டுத்தான் வேலைக்குச் சேர்ந்தார்.

கோப்பில் இன்னொரு தாள் இருந்தது. மேல்முறையீட்டு மனு. கீழே 'அழகர்' என்று கையெழுத்து. நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

அழகரின் 'ர்' மேல் புள்ளி இல்லை. புள்ளிக்குப் பதில் சின்ன வட்டம். ஜோதிலட்சுமியின் 'ட்' மேலும் அதே வட்டம். இரண்டு பெயருக்கும் அடியில் ஒரு கோடு. இரண்டு கோடுகளும் கடைசியில் கொக்கி போல மேலே வளைந்து திரும்பின.

சுருளி அண்ணன் என் முகத்தைப் பார்த்தார்.

"திருட்டக் கண்டுபிடின்னு வந்தவரே கள்ளன்னா, யார்ட்ட போயி சொல்றது?"

நான் போனைச் சட்டைப்பையில் போட்டேன். கிளம்பினோம்.

*

ஆய்வுக்குப் போன அலுவலர் சுந்தரலிங்கத்தைச் சின்னமனூரில் ஒரு டீக்கடையில் பிடித்தோம். நல்ல மனிதர். எங்களைப் பார்த்ததும் வடையைக் கீழே வைத்தார். இந்த வழக்கு தன் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றார்.

அவர் சொன்னது இது. வீட்டுக்குப் போனபோது மூன்று பேர் இருந்தார்கள். ஜோதிலட்சுமி சக்கர நாற்காலியில். குளிப்பாட்டி, புதுச்சேலை உடுத்தி, தலை வாரிப் பூ வைத்து, ஒரு துணியால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டி நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். அலுவலர் வருகிறார் என்றால் இந்தப் பக்கத்து வீடுகளில் இப்படித்தான். நோயாளி அழுக்காக இருந்தால் அது வீட்டுக்குக் கேவலம். அழகரின் தங்கை பாண்டீஸ்வரி அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தார். அழகர் வாசலில் நின்றார்.

சுந்தரலிங்கம் கேள்விகளைக் கேட்டு முடித்தார். கடைசியில் கையெழுத்து இடம். பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்தார். அப்போது தெருவில் ஹாரன். அவருடைய வண்டி வழியை அடைத்து நின்றதில் வாழைத்தார் லாரி ஒன்று போக முடியவில்லை. தாளை அட்டையோடு நாற்காலிப் பலகையில் வைத்துவிட்டு வெளியே ஓடினார். அழகரும் கூட வந்து லாரியின் பின்பக்கம் தட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று நிமிடம். திரும்பி வந்தால் தாளில் கையெழுத்து.

"யாரு போட்டதுன்னு கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டேன். நாந்தான்னு அந்தம்மா சொன்னாங்க. கை அசையலையேன்னேன். பேசல. கையெழுத்து இருக்கு, போட்டவங்களே ஒத்துக்கிறாங்க. நான் வேற என்னத்த எழுத?"

மூன்று நிமிடமும் அழகரைக் கண்ணால் பார்த்தாரா என்று கேட்டேன். யோசித்தார். லாரி பெரியது, அந்தப் பக்கம் நின்ற ஆளைத் தெரியவில்லை, தட்டும் சத்தம் மட்டும் சற்று நேரம் கேட்டது என்றார். வீட்டுக்குப் பின்கதவு உண்டு என்பதையும் அவரே சொன்னார்.

வண்டியை எடுத்தபோது சுருளி அண்ணன் மெதுவாகக் கணக்குப் போட்டார். மனைவி காப்பகத்துக்குப் போனால் யாருக்கு விடுதலை?  வண்டியைக் கோம்பைப் பக்கம் திருப்பினேன்.

*

பாண்டீஸ்வரி கோம்பையில் இருந்தார். இரண்டு வருடமாக அண்ணன் வீட்டில் இருந்து ஜோதிலட்சுமியைப் பார்த்துக்கொண்டவர். உதவியாளர் என்று மனுவில் எழுதியிருந்ததும் அவர் பெயரைத்தான். தள்ளுபடிக் கடிதம் வந்த அன்று அழகர் அவரைப் பார்த்து, வீட்டுக்குள் இருந்தது நீ ஒருத்திதான், பீ மூத்திரம் அள்ளப் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டாராம். பாண்டீஸ்வரி பையை எடுத்துக்கொண்டு புருஷன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

வாசலில் செவலை நாய் ஒன்று படுத்திருந்தது. எங்களைப் பார்த்து எழுந்தது. குரைக்கவில்லை.

"இந்த ஊரு நாயி ஒண்ணப் புடிச்சா விடாதும்பாக," என்றார் சுருளி அண்ணன். "நம்ம மாதிரிதான். என்ன, அதுக்கு நேரத்துக்குச் சோறு வைக்கிறாக."

பாண்டீஸ்வரி நாயை அதட்டிவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். கோபமாக இல்லை. மதினிக்கு முதுகில் புண் வந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், அண்ணனுக்கு அது ஒழுங்காக வராது, இடுப்புக்குக் கீழே துணி மடிப்பு இல்லாமல் இழுத்துவிட வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். சொல்லும்போது அவர் கைகள் மடியில் இல்லாத ஒரு போர்வையை இழுத்துவிட்டன.

எட்டாவது வரை படித்தவர். பெயரையும் போன் நம்பரையும் எழுதித் தரச் சொன்னேன். எழுதினார். 'பாண்டீஸ்வரி'. 'ண்' மேல் புள்ளி. வெறும் புள்ளி. அடியில் கோடு இல்லை.

சந்தேகத்தின் முள் அழகர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

காபி வந்தது. சுருளி அண்ணனின் ஒரு கையில் ஹெல்மெட், ஒரு கையில் டம்ளர். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டார். கண்டக்டர் பழக்கம். கூட்டத்தில் கம்பியைப் பிடிக்க ஒரு கை, டிக்கெட்டுக்கு ஒரு கை, பேனாவுக்கு வாய். அது பழைய பேனா. கசிந்தது.

"ஓதட்டத் தொடைங்கண்ணே," என்றார் பாண்டீஸ்வரி. "நீலமா இருக்கு. மதினிக்கும் ஒரு நா இப்பிடித்தான். கடவாயில நீலம் பாரிச்சிருந்துச்சு. மூச்சு கீச்சு நின்னு போச்சோன்னு பதறிட்டேன். ஈரத்துணிய வச்சுத் தொடச்சேன், போயிருச்சு."

சுருளி அண்ணன் துடைக்கவில்லை. பேனா வாயிலேயே இருந்தது. என்னைப் பார்த்தார்.

நான் போனை எடுத்து அந்தக் கையெழுத்தை மறுபடி பெரிதாக்கினேன். மேல்நோக்கி ஏறும் கோடு. தாள் புடைக்கும் அழுத்தம். கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு சொட்டு.

காபி இல்லை. தண்ணீரும் இல்லை. எச்சில்.

*

மார்க்கையன்கோட்டையில் அழகர் வீட்டில் இல்லை. தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். ஜோதிலட்சுமி நாற்காலியில் இருந்தார். இன்று பூ இல்லை. தலை சரியாக வாரப்படவில்லை. வகிடு கோணலாக இருந்தது. அழகர் வாரியிருக்க வேண்டும்.

சுருளி அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டார்.

நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே ஒரு பலகை. சாப்பாடு அதில்தான். சிந்தினால் ஒட்டாமல் இருக்கத் தினமும் ஒரு செய்தித்தாள் விரிப்பார்கள். சுவரில் ஒரு அட்டை, புரட்டிப் படுக்க வைத்த நேரங்களைக் குறிப்பதற்கு. குறிக்கும் பேனா பலகையில் கிடந்தது. பின்பக்கம் முழுக்கப் பல் தடம்.

பலகையில் விரித்திருந்த பேப்பரின் ஓரத்தைப் பார்த்தேன்; ஒன்றும் இல்லை. குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். பழைய பேப்பர் கட்டு இருந்தது.

என் மனைவி பவானி போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. காய்ச்சல். நான்கு நாள். என் கடைப் பலகையில் இருப்பது அவள் எழுத்து. அரிசி டப்பா மேல் இருப்பதும். அவளுக்குப் போன் பேசும்போது பேப்பர் ஓரத்தில் கிறுக்கும் பழக்கம் உண்டு. அவள் இருந்த காலத்துப் பேப்பரை நான் இன்னும் எடைக்குப் போடவில்லை. ஒரு வீட்டில் ஒருவருடைய எழுத்து எங்கெங்கே தங்கும் என்று எனக்குத் தெரியும்.

கட்டை வெளியே இழுத்தேன்.

"அத எடுக்காதீக," என்றார் ஜோதிலட்சுமி.

அடியிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். சென்ற வருடம் ஆடி மாதப் பேப்பர். ஓரத்தில் வெறும் கோடுகள், ஈர வட்டங்கள், பேனா கிழித்த ஓட்டை. ஆவணியில் ஒரு வளைவு. ஐப்பசியில் 'ஜோ'. ஒரே எழுத்து, ஓரம் முழுக்க, இருபது முப்பது தடவை. தை மாதம் 'ஜோதி'. பங்குனியில் முழுப் பெயர், உடைந்து, சாய்ந்து. சித்திரையில் 'ட்' மேல் முதன்முதலாக ஒரு வட்டம். அலுவலர் வந்த நாளுக்கு முந்தைய நாள் பேப்பரில் ஒரே ஒரு கையெழுத்து. அடியில் கோடு. கோட்டின் நுனியில் கொக்கி.

அதற்கு மேல் இருந்த பேப்பர்களின் ஓரங்கள் வெறுமையாக இருந்தன.

"யாருக்கும் தெரியாதாக்கா?"

"பாண்டி துவைக்கப் போகும்போது எழுதுவேன். பேப்பர அவ சுருட்டிக் கட்டிலுக்கடியில வச்சிருவா. யாரு ஓரத்தப் பாக்குறா?"

பிறகு அவராகவே சொன்னார். தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இந்தத் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டும் என்றாலும் அவரிடம்தான் வருவார்கள். முதியோர் பென்சன், விதவைப் பென்சன், எல்லாம் அவர் கை. ஆபீசர் வரும்போது தோட்டைக் கழற்றி வை, கிழிந்த சேலையைக் கட்டு, முடியும் என்று எதற்கும் சொல்லாதே என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புவார்.

"ஊருக்கெல்லாம் சொன்னேன். எனக்குன்னு வரையில முடியல தம்பி. அந்த மைப்பெட்டியத் தொறந்தாரு. கல்யாணமான புதுசுல அவுக கைநாட்டு. மூணாவதோட தோட்டத்துக்குப் போனவுக. ரேசன் கடையில எல்லாருக்கும் முன்னால வெரலப் புடிச்சு உருட்டுனான் ஒருத்தன். அவுக மொகத்தப் பாக்க முடியல. அன்னைக்கு ராத்திரியே ஒக்காத்தி வச்சு, கையப் புடிச்சு எழுத வச்சேன். புள்ளி வைக்க வராது அவுகளுக்கு, பேனா வழுக்கும். வட்டமாப் போடுங்கன்னேன். நானும் வட்டமாப் போட ஆரம்பிச்சேன். அவுக முன்னாடி நான் எப்பிடி வெரல நீட்டுறது?"

வட்டமும் கொக்கியும் அழகரிடம் வந்த வழி அது. திருடியவர் யாரும் இல்லை. சொல்லிக் கொடுத்தவரும் கற்றுக்கொண்டவரும்தான்.

பாண்டீஸ்வரி போகும்போதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மொத நாளு வெக்கமா இருந்துச்சு. ரெண்டாம் நாளு அவ போயிட்டா. அதுக்கப்புறம் சொன்னா, அவ போனதும் என்னாலதான்னு ஆகும்ல. அவளாவது தப்பிச்சுப் போகட்டும்னும் நெனச்சேன்." முகத்தை என் பக்கம் திருப்பினார். "அவுகட்டச் சொல்லாதீக."

வாசலில் குடம் வைக்கும் சத்தம். சுருளி அண்ணன் அழகரிடம் சம்பந்தமே இல்லாமல் தக்காளி விலை பற்றிப் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைக்கப் பார்த்தார். அழகர் உள்ளே வந்துவிட்டார். என் கையில் பேப்பர் கட்டு.

என் கட்சிக்காரர் அவர். கேள்வி அவருடையது. ஆனால் கட்டை நான் அவர் கையில் கொடுத்ததற்குக் காரணம் அது இல்லை. பவானி எழுதிய ஏதோ ஒன்றை எனக்குத் தெரியாமல் யாராவது கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தால், நான் அதைப் பார்க்க விரும்புவேன்.

"அடியில இருந்து பாருங்க," என்று மட்டும் சொன்னேன்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். உள்ளே தாள் புரளும் சத்தம் கேட்டது. நெடுநேரம் கேட்டது. பிறகு நின்றது. அழகர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. யாருக்கோ அடித்துவிட்டு, எடுத்ததும், "ஆத்தா பாண்டி," என்றார். போனை எங்கள் பக்கம் நீட்டினார். சுருளி அண்ணன் போனை வாங்கி, முதல் பஸ் எத்தனை மணிக்கு, எங்கே மாற வேண்டும் என்று விவரமாகச் சொல்லி முடித்தார்.

*

வியாழக்கிழமை பதினொரு மணி. தேனி. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஒரு பெண் மருத்துவர். சுந்தரலிங்கம் ஓரத்தில் நின்றார்.

பேப்பர் கட்டை மேசையில் வைத்து நடந்ததை நான் சொன்னேன். நான்கு வாக்கியம் போதுமானதாக இருந்தது. மருத்துவர் அடியிலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பக்கத்தில் இருந்தவர், அம்மா இங்கேயே ஒரு தடவை வாயால் எழுதிக் காட்டினால் பதிவு செய்ய வசதியாக இருக்கும் என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"வேணாம் சார்," என்றார் அழகர்.

"கைநாட்டே வச்சிர்றேன்," என்றார் ஜோதிலட்சுமி.

மருத்துவர் யாரையும் பார்க்காமல் மைப்பெட்டியை நகர்த்தினார். அழகர் முட்டி போட்டு உட்கார்ந்தார். மனைவியின் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றினார். தாளில் உருட்டினார். ஜோதிலட்சுமி விரலைப் பார்க்கவில்லை. கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உதவியாளர் என்ற இடத்தில் பாண்டீஸ்வரி கையெழுத்துப் போட்டார். சாட்சி என்ற இடத்தைக் காட்டி எழுத்தர் அழகரிடம் பேனாவை நீட்டினார். அழகர் அதை வாங்கினார். சற்று நேரம் வைத்திருந்தார். மேசையில் வைத்துவிட்டு, தன் கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்தினார்.

"மனுவுல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே," என்றார் எழுத்தர்.

"அது என்னுது இல்ல சார். அவ குடுத்தது."

இரண்டு ரேகைகளும் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்தன. மருத்துவர் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதிச் சாய்வாகக் கையெழுத்திட்டார். முடிந்தது.

படிக்கட்டின் பக்கத்துச் சரிவில் நானும் சுருளி அண்ணனும் நாற்காலியின் முன்பக்கத்தைப் பிடித்து இறக்கினோம். அழகர் பின்னால். பாண்டீஸ்வரி அதற்குள் மதினியின் கோணல் வகிட்டைக் கையாலேயே நேராக்கிக்கொண்டிருந்தார்.

"அடுத்த தடவ ஒழுங்காக் கையெழுத்துப் போடணும்," என்றார் ஜோதிலட்சுமி, பின்னால் இருக்கும் கணவரிடம். "மூணு மாசம் சொல்லிக் குடுத்தேன்."

அழகர் தலையாட்டினார். ஜோதிலட்சுமியால் திரும்பிப் பார்க்க முடியாது.

சரிவில் நாற்காலி சாய்ந்தபோது அழகர் மனைவியின் தோளைப் பிடித்திருக்க வேண்டும். புதுச்சேலையின் தோள்பக்கத்தில் நீலமாக ஒரு ரேகை விழுந்திருந்தது. முழுசாக, தெளிவாக. பாண்டீஸ்வரி பார்த்தார். சுருளி அண்ணன் பார்த்தார். ஜோதிலட்சுமியிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை.